பதினொன்றாவது பெல்ட்

நார்வால் கம்பெனியின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.
இந்த ஆண்டு மாடலோடு பனிவண்டித் தொழிலிடம்
விடைபெற்றுக்கொள்கிறார்களாம்,
கல்யாண வீட்டில் கைநனைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் மாதிரி.
உதிரிபாகங்கள் இன்னும் பத்து வருடம் கிடைக்கும்,
கவலை வேண்டாம்.

மெர்ல் இரண்டு தரம் படித்தான்.
நாலாக மடித்துக் காப்பி மேசையின்
குட்டைக் காலுக்கு அடியில் செருகினான்.
போன வசந்தத்திலிருந்து ஆடிக்கொண்டிருந்த மேசை
நின்றது.

வெளியே ஜனவரி பதினாலு. மழை.
வடக்கு விஸ்கான்சினில்
ஷோரூம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பழுப்புப் புல்.
இந்தப்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்பது வண்டிகள்,
ஸ்கீ நுனியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.
தூசி மட்டும் தவறாமல்
ஏறி உட்கார்ந்து பார்க்கிறது.

காரணம் ஆளுக்கொன்று.
பதினெட்டாயிரம் டாலர் கொடுத்துப்
பதினெட்டு நாள் ஓட்டவா என்கிறார்
பாதையைச் சமன்செய்யும் ஹார்லன்;
அவருடைய இயந்திரம் இந்த டிசம்பரில்
கொட்டகையை விட்டு நகரவில்லை.
பிள்ளைகளுக்குக் குளிர் ஆகவில்லை என்கிறான் மெர்ல்.
ரோஸ்மேரி ட்வோராக்கின் ஜின்செங் பாத்தியை
எவனோ நள்ளிரவில் மிதித்துப் போன அன்றே
அவள் வேலியில் சங்கிலி போட்டாள்;
அதோடு வடக்குப் பாதை அறுந்தது.
மோட்டல்காரி சொல்வதை இங்கே எழுத முடியாது.

ஆர்டர் எண்ணுக்குப் போன் செய்தேன்.
பத்தொன்பது வருடமாகக் குரலாக மட்டும் தெரிந்த ஜனெல்
"மே மாதம் வரை இருப்பேன்" என்றாள்.
பிறகு இரண்டு பேருக்கும்
ஆர்டர் செய்ய எதுவும் இல்லை.

எனக்கு அழத் தோன்றவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.
இருபத்திரண்டு வருடம் இந்தக் கவுன்ட்டரில்.
எந்த வருடத்து மாடலுக்கு எந்த பேரிங் சேரும்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
டூ-ஸ்ட்ரோக் புகை தலைமுடியில் குடியிருந்தது;
சர்ச்சில் பக்கத்தில் இருப்பவர்கள்
சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.
ஆனால் நான் ஒன்றில் ஏறிப் பதினான்கு வருடமாகிறது.
அண்ணன் லைல் ஒரு மார்ச் மாத ஏரியின் மேல்
எதிர்க்கரை பாரின் விளக்கைக் குறிவைத்துப் போனான்.
ஊழியர் தள்ளுபடியில் நான் வாங்கித்தந்த ஜாக்கெட்,
அதுவும் கத்தரிப்பூ நிறம்.
சீக்கிரம் கண்ணில் பட்டதற்கு அதுதான் காரணம் என்று
ஷெரீப் ஆறுதல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை டுவேன் ப்ரிபில் வந்தான்.
அன்று லைலுக்கு நாற்பதடி பின்னால்
பிரேக் பிடித்தவன்.
"ட்ரைவ் பெல்ட் எத்தனை இருக்கு, வெர்னா?"
பதினொன்று என்றது கணினி.
"அத்தனையும் கொடு."
விரல்விட்டுக் கணக்குப் போட்டான்:
ஒரு பெல்ட் இரண்டு வருடம் தாங்கும்,
பனி குறைந்தால் மூன்று,
பனியே இல்லாவிட்டால் சாகாவரம்.
அவனுக்கு இப்போது அறுபத்தொன்று.
எண்பத்தொன்றில் முட்டி மடங்குமா என்று கேட்டேன்.
"முட்டிக்கும் பார்ட் நம்பர் இருக்கா?"
சிரித்தோம். கூரையில் மழை பெரிதாகக் கேட்டது.

ரேக்கிலிருந்து எடுத்து எண்ணினேன்.
பத்துதான் என்றேன்.
கணினி பதினொன்று சொல்கிறதே என்றான்.
அது பனி வரும் என்றும்தான் சொன்னது.
முழங்கை வரை வளையல் அடுக்கினாற்போல
பத்தையும் மாட்டிக்கொண்டு
நனைந்தபடி ட்ரக்குக்குப் போனான்.

பதினொன்றாவது என் காரில், பக்கத்து சீட்டில்.
பணத்தைக் கல்லாவில் போட்டுவிட்டேன், ரசீது இருக்கிறது.
அந்த ஏப்ரலில் வின்ச் வைத்து இழுத்த வண்டி
என் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது;
பெட்ரோல் டாங்கில் இன்னும் ஏரி.
எதை மாற்றினாலும் இந்த பெல்ட்டை மட்டும்
நார்வால் மாற்றவே இல்லை.
ஓட்டப்போவதில்லை.
சிக்னலில் நிற்கும்போது
புது ரப்பர் வாசனை கார் முழுக்க.
வைப்பரை வேகமாக்கினேன்.